உடலின் மைக்ரோவோல்ட் சிக்னலுக்கு எந்த டேட்டா அக்விசிஷன் போர்டு?

இதயத்தின் ஈசிஜி, மூளையின் ஈஈஜி, தசையின் ஈஎம்ஜி ஆகிய மின் சிக்னல்களை அளந்து கணினிக்கு அனுப்பும் டேட்டா அக்விசிஷன் போர்டு வாங்க இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "16 பிட் போதுமா, 24 பிட் வேண்டுமா?" என்பதைத்தான். பிட் எண்ணிக்கை கடைசியாக முடிவாக வேண்டிய விஷயம். சிக்னல் எவ்வளவு சிறியது, எந்த அதிர்வெண்ணுக்குள் இருக்கிறது, எவ்வளவு டி.சி. வோல்டேஜின் மேல் ஏறி வருகிறது, கூடவே எவ்வளவு 50 ஹெர்ட்ஸ் வரும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால், அங்கிருக்கும் போர்டுகளில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும்.

தோலின் மேல் எடுக்கும் ஈசிஜி சுமார் 1 மில்லிவோல்ட். ஆர் அலையின் உச்சி சிலருக்கு 2, 3 மில்லிவோல்ட் வரை போகும். நாடித்துடிப்பு மட்டும் பார்க்க 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் போதும். அந்த உச்சிக்குப் பின் வரும் எஸ்.டி. பகுதியின் வடிவம் வேண்டுமென்றால் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை எடுக்க வேண்டும். தசையின் ஈஎம்ஜி சில பத்து மைக்ரோவோல்ட்டில் தொடங்கி சில மில்லிவோல்ட் வரை, 20 முதல் 500 ஹெர்ட்ஸ். ஈஈஜி 10 முதல் 100 மைக்ரோவோல்ட். பெரும்பாலான வேலைக்கு 0.5 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். கண் அசைவைக் காட்டும் ஈஓஜியில் பார்வை ஒரு டிகிரி திரும்பினால் ஏறக்குறைய 15, 20 மைக்ரோவோல்ட் மாறும்; கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதையும் பிடிக்க வேண்டுமென்றால் டி.சி. வரை கீழே போக வேண்டும். ஒலியோ ஒளியோ காட்டி மூளையின் பதிலை எடுக்கும் ஈஆர்பி வெறும் சில மைக்ரோவோல்ட்தான். அது ஒரே தடவையில் கண்ணுக்குத் தெரியாது. திரும்பத் திரும்பக் காட்டிச் சராசரி எடுக்க வேண்டும். 100 தடவைச் சராசரியில் நாய்ஸ், அதாவது தேவையற்ற இரைச்சல், பத்தில் ஒரு பங்காகும். அதை இன்னும் பாதியாக்க 400 தடவை வேண்டும். ஆகவே போர்டின் நாய்ஸில் மிச்சம் பிடிப்பது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் நேரத்தை மிச்சம் பிடிப்பதுதான்.

எலக்ட்ரோடின் டி.சி. ஆஃப்செட்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். உலோகம் ஈரமான தோலைத் தொடும் இடத்தில் தானாகவே ஒரு வோல்டேஜ் உருவாகிறது. வெள்ளி–வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடுக்கு அது சுமார் 0.22 வோல்ட். இரண்டு எலக்ட்ரோடும் ஒரே வகையாக இருந்தால் பெரும்பகுதி ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆனாலும் ஜெல் காய்வது, வியர்ப்பது, தோல் தேய்த்த விதம் இவற்றால் மில்லிவோல்ட் கணக்கில் மிச்சம் நிற்கும்; அதுதான் ஆஃப்செட். ஈசிஜி கருவிகள் ±300 மில்லிவோல்ட் ஆஃப்செட்டைத் தாங்க வேண்டும் என்று தரநிலைகள் கேட்பதற்கு இதுவே காரணம்.

இதைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 3.3 வோல்ட் சப்ளையில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் நடுவில், அதாவது 1.65 வோல்ட்டில் நிற்கிறது. முதல் கட்டத்திலேயே கெயினை, அதாவது பெருக்கத்தை, 1000 வைத்தால், வெறும் 1.65 மில்லிவோல்ட் ஆஃப்செட் வந்தாலே வெளியீடு மேலோ கீழோ போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் நேர்கோடு வரும். "சிக்னலே வரவில்லை, சிப் போய்விட்டது" என்று மாற்றிப்போடுவார்கள். சிப் நன்றாகத்தான் இருக்கும்.

தப்பிக்க இரண்டு வழி உண்டு, போர்டுகளும் இந்த இரண்டு குடும்பங்களாகவே பிரிகின்றன. ஒன்று, முதல் கட்டத்தில் கெயினை 5 அல்லது 10க்குள் வைத்து, மெல்ல மாறுவதைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டரால் டி.சி.யை வெட்டி, அதன் பின் 100, 200 என்று பெருக்குவது. இதற்கு, வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. 10, 12 பிட் இருந்தால் போதும். இரண்டு, டி.சி.யை வெட்டாமல் குறைந்த கெயினில் எல்லாவற்றையும் 24 பிட்டில் எடுத்து, ஃபில்டரை மென்பொருளில் போடுவது. 24 பிட்டின் உண்மையான பயன் இங்கேதான்: ஒரு மைக்ரோவோல்ட்டையும் சில நூறு மில்லிவோல்ட்டையும் ஒரே அளவுகோலில் வைக்க முடிகிறது. வாய்ப்பிருந்தால் இரண்டாவதையே எடுங்கள். முதல் வகையில் யாராவது கையை அசைத்து ஆஃப்செட் திடீரென மாறினால், ஹை-பாஸ் மீண்டு வரப் பல விநாடிகள் எடுக்கும், 0.05 ஹெர்ட்ஸ் ஃபில்டரின் நேர மாறிலியே 3 விநாடிக்கு மேல். மென்பொருள் ஃபில்டர் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். சால்டர் வைத்த ஃபில்டரை எடுத்த பதிவிலிருந்து கழற்ற முடியாது.

ஏடி620, ஐஎன்ஏ128 போன்ற ஆம்ப்ளிஃபையர் சிப் வைத்துத் தாங்களே சர்க்யூட் போடுகிறவர்கள், டி.சி.யை வெட்ட உள்ளீட்டிலேயே கெப்பாசிட்டர் வைத்துவிட்டு, அதன் பின்னால் கிரவுண்டுக்கு ரெசிஸ்டர் வைக்க மறந்துவிடுவார்கள். சிப்பின் உள்ளீட்டில் ஓடும் சிறு பயஸ் கரண்ட் போக வழியில்லாமல் கெப்பாசிட்டர் மெல்ல மெல்லச் சார்ஜ் ஏறி, சில விநாடிகளில் வெளியீடு சப்ளையில் போய் நிற்கும். ஆன் செய்ததும் சரியாக வந்து, பிறகு காணாமல் போகும் சிக்னல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. வகை கலந்த எலக்ட்ரோடுகளும் இதே தொல்லையைத் தரும்: ஒரு பக்கம் தங்க முலாம் கப், மறுபக்கம் வெள்ளி–வெள்ளி குளோரைடு ஸ்டிக்கர் என்று ஒட்டினால் ஆஃப்செட் பல மடங்காகும். தங்கம், ஸ்டீல் போன்றவை மெல்ல நகரும் டி.சி.க்கு ஏற்றவை அல்ல. ஈஓஜிக்கு வெள்ளி–வெள்ளி குளோரைடையே வாங்குங்கள்.

பிட் கணக்கும் நாய்ஸ் கணக்கும்

ஆர்டுயினோ ஊனோவின் 10 பிட் ஏ.டி.சி. 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரிக்கிறது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட். ஏடி8232 சிப் வைத்து வரும் மலிவான ஈசிஜி மாட்யூலின் மொத்தக் கெயின் வழக்கமாக 1100. ஆகவே 1 மில்லிவோல்ட் ஈசிஜி 1.1 வோல்ட்டாகி 225 படி ஏறும். நாடித்துடிப்புக்கு இது தாராளம். அதே மாட்யூலில் 20 மைக்ரோவோல்ட் ஈஈஜி கொடுத்தால் 22 மில்லிவோல்ட், நான்கு ஐந்து படிதான். ஈஎம்ஜிக்கும் அது உதவாது, ஏனென்றால் அந்த மாட்யூல் 0.5 முதல் 40 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே விடும்படி கட்டப்பட்டது. தசை சிக்னலின் பெரும்பங்கு அதற்கு மேலே இருக்கிறது.

16 பிட் என்று எழுதியிருப்பதால் ஏடிஎஸ்1115ஐ நேரடியாக எலக்ட்ரோடில் மாட்டப் பார்ப்பவர்கள் உண்டு. அதன் மிகச் சிறிய வரம்பான ±0.256 வோல்ட்டில் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட், வேகம் விநாடிக்கு அதிகபட்சம் 860 சேம்பிள், அதையும் நான்கு சேனலும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முன்னால் நல்ல ஆம்ப்ளிஃபையர் இருந்தால் ஈசிஜிக்குச் சரி. எடை பார்க்கும் எச்எக்ஸ்711க்கு 24 பிட் இருக்கிறது, ஆனால் விநாடிக்கு 80 சேம்பிள்தான். கல்லூரி லேபில் ஏற்கெனவே இருக்கும் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் யுஎஸ்பி-6009, 14 பிட்டில் ±1 வோல்ட் வரம்பில் ஒரு படிக்கு 122 மைக்ரோவோல்ட். ±10 வோல்ட்டில் அப்படியே விட்டால் 1.2 மில்லிவோல்ட். யுஎஸ்பி-6211 என்றால் 16 பிட், ±0.2 வோல்ட்டில் 6 மைக்ரோவோல்ட். இவை இரண்டும் நல்ல பொதுக் கருவிகள். ஆனால் முன்னால் பயோ ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் உடல் சிக்னலுக்கு ஆகாது. இரண்டிலுமே ஒரே ஏ.டி.சி. மாறி மாறி எல்லாச் சேனலையும் பார்க்கிறது. சிக்னல் வரும் பக்கத்தின் மின்தடையான சோர்ஸ் இம்பிடன்ஸ் அதிகமாக இருந்தால் முந்தைய சேனலின் வோல்டேஜ் அடுத்ததில் நிழலாக விழும். இரண்டு சேனலில் ஒரே மாதிரி அலை தெரிந்தால், முந்தைய சேனலின் கம்பியைக் கழற்றி அந்த உள்ளீட்டை கிரவுண்டில் வைத்துப் பாருங்கள். அதோடு அடுத்த சேனலின் அலையும் மறைந்துவிட்டால் அது நிழல்.

அடுத்தது டேட்டாஷீட்டில் தேட வேண்டிய வரி: உள்ளீட்டுக்கு ஈடான நாய்ஸ் (இன்புட்-ரெஃபர்டு நாய்ஸ்). அது எந்தக் கெயினில், எந்த அதிர்வெண் அகலத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மூன்று சிப்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏடிஎஸ்1292ஆர்: 150 ஹெர்ட்ஸ் அகலத்தில், கெயின் 6ல், உச்சிக்கு உச்சி 8 மைக்ரோவோல்ட். ஏடிஎஸ்1298: அதே அகலம், அதே கெயினில் 4. ஏடிஎஸ்1299: 70 ஹெர்ட்ஸ் அகலத்தில், கெயின் 24ல், 1 மைக்ரோவோல்ட். பெயர்கள் ஒரே குடும்பம் போலத் தெரிந்தாலும் முதல் இரண்டும் ஈசிஜிக்குச் செய்தவை. ஈஈஜிக்கு வேண்டியது 1299. ஏடிஎஸ்1299ல் 4.5 வோல்ட் ரெஃபரன்ஸும் கெயின் 24ம் வைத்தால் வரம்பு ±187.5 மில்லிவோல்ட், ஒரு படி 0.022 மைக்ரோவோல்ட். நாய்ஸ் 1 மைக்ரோவோல்ட் என்பதால் கடைசி ஐந்தாறு பிட்டும் நாய்ஸ்தான். 24 பிட் என்று விற்கப்படும் எதிலும் இப்படித்தான். 32 பிட் என்று ஒருவர் விளம்பரம் செய்தால் அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

நாய்ஸை ஒருவர் ஆர்.எம்.எஸ். என்ற சராசரி வகை அளவில் சொல்வார், இன்னொருவர் உச்சிக்கு உச்சி அளவில் சொல்வார். ஆர்.எம்.எஸ். எண்ணை ஏறக்குறைய 6.6ஆல் பெருக்கினால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். போர்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எலக்ட்ரோடின் ரெசிஸ்டன்ஸே ஒரு தளத்தைப் போட்டுவிடும்: 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் அறை வெப்பநிலையில் 100 ஹெர்ட்ஸ் அகலத்தில் 0.13 மைக்ரோவோல்ட் ஆர்.எம்.எஸ்., அதாவது உச்சிக்கு உச்சி 0.8 அளவு. அதற்கும் கீழே நாய்ஸ் உள்ள சிப்புக்குச் செலவழிப்பது தோல் எலக்ட்ரோடுக்கு வீண்.

50 ஹெர்ட்ஸ்

எங்கள் பார்வையில் போர்டின் தரத்தைத் தீர்மானிப்பது இதுதான். விளம்பரத்தில் மிகவும் ஏமாற்றும் எண்ணும் இதற்குரியதுதான். நம் உடல் 230 வோல்ட் வயரிங்கோடு கெப்பாசிட்டர் போலப் பிணைந்திருக்கிறது. உடலுக்கும் போர்டின் கிரவுண்டுக்கும் இடையில் 100 மில்லிவோல்ட் அளவு 50 ஹெர்ட்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது இரண்டு உள்ளீட்டிலும் ஒரே மாதிரி வரும் காமன் மோட் வோல்டேஜ்; அதை ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு தள்ளிவிடுகிறது என்பதே சி.எம்.ஆர்.ஆர். அது 80 டெசிபெல் என்றால் அந்த வோல்டேஜில் 10 மைக்ரோவோல்ட் சிக்னலில் கலக்கும். 100 டெசிபெல் என்றால் 1 மைக்ரோவோல்ட். ஏடி8232க்கு 80, ஏடிஎஸ்1299க்கு 110 என்று டேட்டாஷீட்டில் இருக்கும். ஆகவே 110 உள்ளதை வாங்கினால் முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. அந்த எண் இரண்டு உள்ளீட்டுக்கும் சமமான சோர்ஸ் இருக்கும்போது அளந்தது. உடலில் ஒரு எலக்ட்ரோடு 5 கிலோ ஓம், மற்றது 15 கிலோ ஓம் என்று இருப்பது சாதாரணம். கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிக்கோஃபேரட் என்றால் 2 மீட்டர் ஷீல்டு கேபிள் 200 பிக்கோஃபேரட். 50 ஹெர்ட்ஸில் அது வெறும் 16 மெகா ஓம். சிப்பின் உள்ளீடு கிகா ஓம் கணக்கில் இருந்தாலும் கேபிள் அதை 16 மெகாவாக இறக்கிவிட்டது. 10 கிலோ ஓம் வித்தியாசத்தை 16 மெகாவால் வகுத்தால் 1600ல் ஒரு பங்கு. அந்த 100 மில்லிவோல்ட்டில் 60 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் சிக்னலாக மாறிவிடும், சிப் எதுவாக இருந்தாலும். போர்டில் ரேடியோ அலையைத் தடுக்க ஒவ்வொரு உள்ளீட்டிலும் 1 நானோஃபேரட் வைத்திருந்தால் இன்னும் மோசம்: அது 50 ஹெர்ட்ஸில் 3.2 மெகா ஓம்தான், கலப்பு 300 மைக்ரோவோல்ட்டை எட்டும்.

ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. பயஸ் அல்லது டிரிவன் ரைட் லெக் வெளியீடு போர்டில் இருக்க வேண்டும். அது உடலின் காமன் மோட் வோல்டேஜைத் திருப்பிப் போட்டு உடலுக்கே கொடுத்து, அந்த 100 மில்லிவோல்ட்டையே பல மடங்கு குறைக்கிறது. அதன் பாதையில் கட்டாயம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும்: ±2.5 வோல்ட் சப்ளைக்கு 330 கிலோ ஓம் வைத்தால், ஆம்ப்ளிஃபையர் பழுதானாலும் 8 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் உடலில் போகாது. கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நீளமாகத்தான் வேண்டும் என்றால் எலக்ட்ரோடு தலையிலேயே பஃபர் வைத்த ஆக்டிவ் எலக்ட்ரோடு வாங்குங்கள். எல்லா வயரையும் சேர்த்து முறுக்கி விடுங்கள். வயர்கள் விரிந்து வளையமாகக் கிடந்தால் காந்தப்புலம் அதில் நேராக வோல்டேஜைத் தூண்டும், அதைச் சி.எம்.ஆர்.ஆர். எதுவும் செய்யாது. கடைசியாக, தோலைத் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைத்து, எலக்ட்ரோடுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைக் குறைப்பது. இதற்கு ஆகும் சில ரூபாய், போர்டில் கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரங்களை விட அதிகம் செய்யும்.

போர்டிலேயே 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் இருக்கிறது என்பதை ஒரு சிறப்பாக எண்ணி வாங்காதீர்கள். ஈசிஜியின் கூர்மையான க்யூஆர்எஸ் அலைக்குப் பின்னால் அது சிற்றலைகளைச் சேர்க்கும். கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது, அது சுத்தமான சைன் அலை தராத மாடலாக இருந்தால் 150, 250 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைப்படை மடங்குகள் சேர்ந்து வரும். ஈஎம்ஜி அலைவரிசைக்குள் அவை நேராக விழும், 50க்கு மட்டும் போட்ட நாட்ச் அவற்றைத் தொடாது. சீலிங் ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் இதே போல் குப்பை போடும். அளக்கும்போது ஃபேனை நிறுத்திப் பார்ப்பது நல்ல சோதனை.

எத்தனை சேம்பிள்?

சிக்னலின் உச்ச அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்கு சேம்பிள் எடுத்தால் போதும் என்ற பாடப்புத்தக விதி, ஏடிஎஸ்1299 போன்ற டெல்டா-சிக்மா வகைச் சிப்பில் கவிழ்த்துவிடும். ஏடிஎஸ்1299க்குள் இருக்கும் ஃபில்டர், சேம்பிள் வேகத்தின் 0.262 மடங்கிலேயே 3 டெசிபெல் இறங்கிவிடுகிறது. 250 சேம்பிளில் 65 ஹெர்ட்ஸ், 1000ல் 262 ஹெர்ட்ஸ். ஈஎம்ஜியின் 500 ஹெர்ட்ஸ் முழுதாக வேண்டுமென்றால் 2000 வைக்க வேண்டும். அப்போது 524 கிடைக்கும். ஓபன்பிசிஐ சைட்டன் போர்டு ஏடிஎஸ்1299 வைத்தது, ஈஈஜிக்கு நம்பகமானது. ஆனால் ரேடியோ டாங்கிள் வழியே 250 சேம்பிளில் ஓடுவதால் அதில் எடுத்த ஈஎம்ஜி, தசை இயங்குகிறதா இல்லையா என்று சொல்லும். களைப்பைக் காட்டும் அதிர்வெண் மாற்றத்தைச் சொல்லாது.

சேனல்களை ஒரே நேரத்தில் படிக்கும் போர்டா, மாற்றி மாற்றிப் படிப்பதா என்பது ஈஈஜியில் முக்கியம். இரண்டு இடங்களின் ஃபேஸ் வித்தியாசத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரே நேரம் படிப்பதைத் தவிர வேறு வேண்டாம். கணினியின் சவுண்ட் கார்டைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்பார்கள். அதன் உள்ளீடு டி.சி.யை வெட்டிவிடும், 10, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஈஎம்ஜிக்கும், பூச்சி நரம்பின் ஸ்பைக் அளப்பதற்கும் ஆகும். ஈசிஜிக்கும் ஈஈஜிக்கும் ஆகாது.

நரம்புக்குள் நுண் எலக்ட்ரோடு வைத்து விலங்குகளில் ஸ்பைக் எடுப்பது தனி உலகம். அங்கே இன்டான் நிறுவனத்தின் ஆர்எச்டி2132 சிப் வழக்கமான தேர்வு: 32 சேனல், ஒவ்வொன்றும் விநாடிக்கு 30,000 சேம்பிள், 16 பிட், ஒரு படி 0.195 மைக்ரோவோல்ட், நாய்ஸ் 2.4 மைக்ரோவோல்ட் ஆர்.எம்.எஸ். ஓபன் எஃபிஸ் கருவிகள் இதை வைத்துத்தான் வருகின்றன.

மின்சாரப் பாதுகாப்பும் சப்ளையும்

எலக்ட்ரோடு வைக்கத் தோலைத் தேய்த்து ஜெல் போடுவதே ரெசிஸ்டன்ஸைக் குறைக்கத்தான். அப்படித் தயார் செய்த உடலை வீட்டு மின்சாரத்தோடு சம்பந்தப்பட்ட எதனுடனும் இணைக்கக் கூடாது. இரண்டு பின் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோக மேல்பகுதியைத் தொட்டால் சுருக்கென்று இருப்பது அனைவருக்கும் தெரியும். சார்ஜருக்குள் இருக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியே வரும் லீக்கேஜ் அது. எலக்ட்ரோடு மாட்டிய போர்டு யுஎஸ்பியில் அந்த லேப்டாப்போடு இணைந்திருந்தால் அதே லீக்கேஜ் உடல் வழியே போகும். சார்ஜர் பழுதானால் போவது லீக்கேஜ் அளவில் நிற்காது. ஐஇசி 60601-1 தரநிலை, இதயத்தைத் தொடும் வகைக் கருவிகளுக்கு இயல்பு நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர், ஒரு பழுது ஏற்பட்ட நிலையில் 50 என்று எல்லை போடுகிறது; மற்ற உடல் தொடர்புக் கருவிகளில் பிஎஃப் (பூமியிலிருந்து தனித்து வைத்த) வகைக்கு 100, 500. எல்லை இவ்வளவு சிறியது என்பதை மனதில் வைத்தே போர்டை வாங்க வேண்டும்.

எளிய வழி, பேட்டரியில் ஓடும் போர்டு, புளூடூத் அல்லது வைஃபை இணைப்பு. லித்தியம் பேட்டரியும் நாய்ஸ் குறைந்த எல்டிஓ ரெகுலேட்டரும் போதும். பவர் பேங்க் வேண்டாம்: உள்ளே பூஸ்ட் கன்வெர்ட்டர் சுவிட்ச் ஆகும் நாய்ஸ் வரும், இழுக்கும் கரண்ட் குறைவு என்றால் பதிவின் நடுவே தானாகவே ஆஃப் ஆகியும்விடும். ஈஎஸ்பி32 வைத்த போர்டு என்றால், வைஃபை அனுப்பும் ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான மில்லி ஆம்பியர் இழுப்பதைக் கவனியுங்கள். அனலாக் பகுதிக்குத் தனி ரெகுலேட்டர் இல்லாவிட்டால் அந்த இழுப்பு சிக்னலில் ஒரே இடைவெளியில் விழும் ஊசிகளாகத் தெரியும். அதன் உள் ஏ.டி.சி.யை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். நேர்கோட்டில் இல்லை, வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏ.டி.சி.யின் பின்களைப் பயன்படுத்தவும் முடியாது.

யுஎஸ்பி வயர்தான் வேண்டுமென்றால், இரு பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் நடுவில் வேண்டும். ஏடியுஎம்4160 சிப் 5 கிலோவோல்ட்டும், ஏடியுஎம்3160 2.5 கிலோவோல்ட்டும் தாங்கும். இரண்டும் 12 மெகாபிட் வேகம் வரைதான். மலிவு மாட்யூலில் இந்தச் சிப்புக்குப் பக்கத்திலேயே 1 கிலோவோல்ட் மட்டும் தாங்கும் சிறிய டிசி-டிசி கன்வெர்ட்டர் இருக்கும். அப்போது முழு மாட்யூலும் 1 கிலோவோல்ட்தான். சிப்பின் பெயரைப் பார்த்து வாங்காமல் கன்வெர்ட்டரின் மேல் இருக்கும் எண்ணைப் படியுங்கள். எது வாங்கினாலும், அளக்கும் நேரத்தில் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிடுவது மாறாத வழக்கமாக இருக்கட்டும். இந்த போர்டுகள் மருத்துவக் கருவிகள் அல்ல. நோய் கண்டறிய இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. ஆய்வுக்காக மற்றவர்கள் மீது வைக்கப் போகிறீர்கள் என்றால் நிறுவனத்தின் எதிக்ஸ் கமிட்டி அனுமதி முதலில்.

டேட்டா கணினிக்கு வரும் வழி

எட்டுச் சேனல் ஏடிஎஸ்1299 ஒவ்வொரு சேம்பிளுக்கும் 27 பைட் தரும். சைட்டன் அதை 33 பைட் பாக்கெட்டாக அனுப்புகிறது. 250 சேம்பிளில் விநாடிக்கு 8250 பைட். 115200 பாட் சீரியல் போர்ட் விநாடிக்கு 11,520 பைட் தாங்கும், ஆகவே சரி. வேகத்தை 1000 ஆக்கினால் 33,000 பைட், அந்த வழியில் போகவே போகாது. பாக்கெட்டில் சேம்பிள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத போர்டில் புளூடூத் பத்து சேம்பிளை விழுங்கினாலும் தெரியாது, அலை மட்டும் ஒட்டுப்போட்டது போல் இருக்கும்.

ஈஆர்பி எடுக்கப் போகிறீர்கள் என்றால், தூண்டல் வந்த நொடியைக் குறிக்கும் டிஜிட்டல் உள்ளீடு போர்டிலேயே இருக்க வேண்டும். கணினி நேரத்தை வைத்துக் குறித்தால் போதாது. எஃப்டிடிஐ சீரியல் சிப்பின் லேட்டன்சி டைமர் மாற்றாத நிலையில் 16 மில்லி விநாடி. டிரைவர் அமைப்பில் அதை 1 ஆக்கலாம், ஆனாலும் திரையின் தாமதம் இருக்கிறது. திரை மூலையில் ஒரு ஃபோட்டோடையோடு ஒட்டி அதன் சிக்னலைப் போர்டுக்குக் கொடுப்பதே உறுதி. இரண்டு கருவிகளைச் சேர்த்து ஓட்டினால் கடிகாரங்கள் விலகும்: 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி.

போர்டு கைக்கு வந்ததும்

உடலில் ஒட்டும் முன் மேசையிலேயே செய்ய வேண்டியவை உண்டு. ஏடிஎஸ்1299 போர்டு என்றால், ஆன் ஆனதும் சிப் தொடர் வாசிப்பு நிலையில் இருக்கும். அதை நிறுத்தும் கட்டளையான 17ஐ அனுப்பாமல் ரெஜிஸ்டரில் எழுதினால் எதுவும் ஏறாது. பிறகு ஐடி ரெஜிஸ்டரைப் படியுங்கள். எட்டுச் சேனல் சிப்புக்கு அது தசம எண்ணில் 62. பூஜ்ஜியமோ 255ஓ வந்தால் சிப்போடு பேசும் எஸ்பிஐ இணைப்பின் வயரிங் அல்லது எஸ்பிஐ மோட் தவறு. மோட் 1 வேண்டும். விகேப்1 பின்னில் 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடம் மிச்சம் பிடிக்கச் சிறியது போட்ட போர்டுகளில் நாய்ஸ் கூடும்.

உள்ளேயே இருக்கும் சோதனை சிக்னலை இயக்குங்கள். ரெஃபரன்ஸ் 4.5 வோல்ட் என்றால் அதன் வீச்சு ±1.875 மில்லிவோல்ட், விநாடிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அலை. உங்கள் மென்பொருள் அதே எண்ணைக் காட்டவில்லை என்றால் கெயினையோ பைட் வரிசையையோ எங்கோ தவறாக எடுத்திருக்கிறது. அடுத்து உள்ளீடுகள் எல்லாவற்றையும் ரெஃபரன்ஸோடு ஒரே இடத்தில் குறுக்கிணைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். கெயின் 24, 250 சேம்பிளில் உச்சிக்கு உச்சி 1 மைக்ரோவோல்ட்டை ஒட்டி வர வேண்டும். இரண்டு மூன்று மடங்கு வந்தால் சப்ளை. பத்து மடங்கு வந்தால் சிப்பையே சந்தேகிக்கலாம். தனிச் சிப் விலையை விட முழு போர்டும் மலிவாகக் கிடைத்திருந்தால் சந்தேகம் இன்னும் நியாயமானது.

குறுக்கிணைப்பை எடுத்துவிட்டு ஒரு பக்கம் 5 கிலோ ஓம், மறுபக்கம் 15 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இணையுங்கள். இப்போது 50 ஹெர்ட்ஸ் எவ்வளவு ஏறுகிறது என்பதே உங்கள் அறையில் அந்தப் போர்டின் உண்மையான தரம். அலைவடிவத்தை மட்டும் பார்க்காமல், அதை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி எடுத்துப் பாருங்கள். 31 ஹெர்ட்ஸில் ஒற்றைக் கோடு தெரிந்தால் பதற வேண்டாம்: எலக்ட்ரோடு கழன்றதைக் கண்டுபிடிக்கும் லீட்-ஆஃப் கரண்ட் ஆன் நிலையில் இருக்கிறது. 6 நானோ ஆம்பியர் 10 கிலோ ஓமில் 60 மைக்ரோவோல்ட் ஆகும், ஈஈஜியின் அளவுக்கே வந்துவிடும். இம்பிடன்ஸ் பார்த்து முடித்ததும் அதை நிறுத்துங்கள்.

சிக்னல் ஜெனரேட்டர் இருந்தால் 1 வோல்ட் சைன் அலையை 100 கிலோ ஓமும் 10 ஓமும் சேர்த்த டிவைடரில் கொடுத்து, 10 ஓம் முனையில் 100 மைக்ரோவோல்ட் எடுக்கலாம். 1, 10, 40, 65, 100 ஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொண்டே போனால் ஃபில்டர் எங்கே இறங்குகிறது என்பது வெளிப்படும்.

இதெல்லாம் தேறிய பிறகே தலை. எலக்ட்ரோடு இணைப்பிகள் டின் 42802 என்ற 1.5 மில்லிமீட்டர் டச்-ப்ரூஃப் வகையாக இருந்தால் எந்த நிறுவனத்தின் கப் எலக்ட்ரோடும் பொருந்தும். தனக்கென்று ஒரு இணைப்பி வைத்த போர்டு, கேபிள் உடையும் ஒவ்வொரு தடவையும் அவர்களிடமே ஓட வைக்கும். பின்தலையில் ஓ1 அல்லது ஓ2 இடத்தில் ஒன்று, காதின் பின் எலும்பில் ரெஃபரன்ஸ், மற்ற காதின் பின் பயஸ். எட்டுச் சேனலுக்கும் ஒரே ரெஃபரன்ஸ் பின் என்பதால் அந்த ஒன்று தளர்ந்தாலே எல்லாச் சேனலும் சேர்ந்து ஆடும்; ஒரே நேரத்தில் எல்லாம் கெட்டால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள். உட்கார்ந்தவர் அரை நிமிடம் கண் திறந்தும் அரை நிமிடம் மூடியும் இருக்கட்டும். மூடியிருக்கும் அரை நிமிடத்தில் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை ஆல்ஃபா எனப்படும் ஒரு மேடு எழ வேண்டும். எழாவிட்டால் உடனே போர்டைக் குறை சொல்ல வேண்டாம். சிலருக்கு ஆல்ஃபா இயல்பாகவே மெலிந்திருக்கும். இன்னொருவரை உட்கார வைத்துப் பாருங்கள். பல்லைக் கடிக்கச் சொல்லும்போது ஈஎம்ஜி பொங்கி வந்தால், எலக்ட்ரோடிலிருந்து கோப்பு வரை பாதை சரியாக இருக்கிறது.